ரோஷன் பீயின் ஐம்பது விநாடி

செஞ்சி ஆதரவற்றோர் சான்றளிப்புத் தனி அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக இருந்த ஆதிமூலத்தின் இடது மணிக்கட்டில் அரசாங்கம் ஒரு கைக்கடிகாரத்தைக் கட்டிவிட்ட அன்று, அவரோடு டீ குடிக்கப் போக நான்கு பேர் இருந்தார்கள். அந்த மாதம் முடிவதற்குள் ஒருவரும் இல்லை. இது 1984ஆம் வருடம், செப்டம்பரில் நடந்தது.

கடிகாரம் சாதாரணமானதல்ல. சுவிட்சர்லாந்தில் செய்தது. பேட்டரி கிடையாது, சாவி கொடுத்தால் ஓடும். கறுப்பு முகத்தில் மணியும் நிமிடமும் காட்டும் முட்கள் தம் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்க, தனியாக ஒரு நீள முள் பன்னிரண்டில் அசையாமல் நிற்கும். வலப்பக்கத்து மேல் பொத்தானை அழுத்தினால் அது ஓடும். மறுபடி அழுத்தினால் நிற்கும். இன்னொரு தடவை அழுத்தினால் நின்ற இடத்திலிருந்தே தொடர்ந்து ஓடும். கீழ்ப் பொத்தானை அழுத்தினால் மட்டுமே பழையபடி பன்னிரண்டுக்குத் திரும்பும். ஒரு விநாடியை ஐந்து துண்டாக்கிக் காட்டக்கூடியது.

கள்ளக் கடத்தலில் மதராஸ் துறைமுகத்தில் பிடிபட்ட நாற்பது கடிகாரங்களில் இது ஒன்று. பதினோரு வருடம் கோர்ட்டில் சாட்சிப் பொருளாக இருந்துவிட்டு, வழக்கு முடிந்த பிறகு, அரசு அலுவலகங்களின் வேகத்தை அளக்கும் திட்டத்துக்கு வந்து சேர்ந்தது. செஞ்சிக்கு வருமுன் மூன்று அலுவலகங்கள் அதைத் திருப்பி அனுப்பியிருந்தன. அளக்கும்படி அங்கே எதுவும் நடப்பதில்லை என்று காரணம் எழுதியிருந்தார்கள்.

செஞ்சியின் தனி அலுவலர் ரங்கநாதன் அப்படிப்பட்டவரல்ல. கடிகாரம் கட்டுவதற்கு ஒரு விழா வைத்தார்.

"நம்ம முன்னோர்கள் வட்டில்ல தண்ணி விட்டு நாழிகை பார்த்தாங்க. சுவிஸ்காரன் பல்சக்கரத்தைக் கடைஞ்சு கடைஞ்சு பார்த்தான். இன்னைக்கு அந்தப் பாரம்பரியமும் நவீனப் பொறியியலும் நம்ம ஆபீஸ்ல கைகோத்து நிக்குது. இனிமே இங்க ஒரு விநாடி, ஒரு விநாடி கூட வேண்டாம், அஞ்சுல ஒரு பங்கு விநாடிகூட வீணாகாது."

இந்தப் பேச்சு நாற்பது நிமிடம் நடந்தது. அளக்கும் உத்தரவு மறுநாள்தான் அமலுக்கு வருவதாக இருந்ததால் இதை யாரும் அளக்கவில்லை.

கால அளவையாளராக ஆதிமூலத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அலுவலகத்தில் சொந்தக் கடிகாரம் இல்லாதவர் அவர் ஒருவர்தான் என்பது. ஏற்கெனவே கடிகாரம் கட்டியிருப்பவருக்கு நேரத்தைப் பற்றி ஒரு முன்முடிவு இருக்கும் என்று ரங்கநாதன் விளக்கினார். ஆதிமூலத்துக்கு நாற்பத்தொரு வயது. கல்யாணம் ஆகவில்லை. மூன்று தங்கைகளுக்குச் செய்து முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது அவருக்குச் செய்துவைக்க யாரும் மீதமில்லை. பஜாருக்குப் பின்னால் ஒரு அறையில் தனியாகக் குடியிருந்தார். நாளில் அவர் பேசும் பேச்செல்லாம் பகல் பதினோரு மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் டீக்கடையில் பேசுவதுதான்.

முதல் வாரம் அவர் டீக்கடைக்குப் போனபோது, நான்கு பேரும் கண்ணாடி டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்கள்.

"இன்னாப்பா, நாங்க எவ்ளோ நேரம் டீ குடிக்கறோம்னு எழுதப்போறியா?" என்றார் தலைமை எழுத்தர் இளையபெருமாள்.

"அய்யோ, இது ஃபைலுக்கு மட்டும்தான் அண்ணா."

"உன் கைய பார்த்தாலே எனக்கு டென்ஷன் ஆவுது. நீ அப்புறமா வா."

பிறகு மதராஸிலிருந்து வந்த சுற்றறிக்கை இந்த விஷயத்தை முறைப்படுத்தியது. கால அளவையாளர் மற்ற ஊழியர்களோடு அளவளாவினால் நடுநிலை கெடும். ஆகவே அவர் தனி மேஜையில் அமர வேண்டும், தனியாகச் சாப்பிட வேண்டும். அலுவலகத்தில் ஒரே ஒரு கோப்பை மாதிரிக் கோப்பாக எடுத்துக்கொண்டு, அதை முதலிலிருந்து கடைசி வரை அளக்க வேண்டும். கோப்பு மேஜையில் கிடக்கும் நேரம் கணக்கில்லை. அதன்மீது ஓர் ஊழியரின் கவனம் இருக்கும் நேரம் மட்டுமே கணக்கு. கவனம் போனதும் முள்ளை நிறுத்திவிட வேண்டும். வேலை முடியும்வரை கீழ்ப் பொத்தானை யாரும், எக்காரணம் கொண்டும், தொடக் கூடாது.

ஆதிமூலத்தின் மேஜையை வராந்தாவின் கோடியில் கொண்டுபோய்ப் போட்டார்கள். கடிகாரத்தைக் கழற்றி வைத்தால் கீழ்ப் பொத்தான் எதிலாவது இடிபடலாம் என்பதால் அதை எப்போதும் கட்டியிருக்க வேண்டும் என்று துணை உத்தரவு ஒன்றும் வந்தது. அவர் இடப்பக்கம் புரண்டு படுப்பதை விட்டார். தண்ணீர் படக் கூடாது என்பதால் இடது கையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு குளித்தார். வீட்டுக்காரம்மா அதைப் பார்த்துவிட்டு ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டு, அந்த மாதம் முழுவதும் அவரிடம் மரியாதையாக நடந்துகொண்டார்.

மாதிரிக் கோப்பு அக்டோபர் எட்டாம் தேதி வந்தது. ரோஷன் பீ என்ற பெண்ணின் மனு. முப்பத்தெட்டு வயது. கணவர் கௌஸ் பாஷா அவலூர்பேட்டை சந்தையில் கயிறு விற்றவர், மூன்று வருடத்துக்குமுன் காய்ச்சலில் இறந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. பீடி சுற்றிப் பிழைத்துக்கொண்டிருந்தாள். கோட்டைக்குப் போகும் சாலையில் இருந்த பள்ளிக்கூடத்தில், சத்துணவுக் கூடத்துக்குச் சமையல் உதவியாளர் வேண்டும். ஆதரவற்ற விதவை என்று சான்று கொண்டுவந்தால் அந்த வேலை அவளுக்கு. ஜூனில் பள்ளி திறப்பதற்குள் கொண்டுவர வேண்டும். எட்டு மாதம் இருக்கிறதே என்று தலைமையாசிரியர் தைரியம் சொல்லி அனுப்பியிருந்தார்.

இளையபெருமாள் மனுவைப் பிரித்தார். ஆதிமூலம் மேல் பொத்தானை அழுத்தினார். இளையபெருமாள் நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தார். கவனம் போய்விட்டதால் ஆதிமூலம் முள்ளை நிறுத்தினார். நான்கு விநாடி, அதற்கு மேல் ஐந்தில் இரண்டு பங்கு.

"வாரத்துக்கு ஒரு தபா வந்து பாருங்க" என்று இளையபெருமாள் சொன்னார்.

ரோஷன் பீ வாரத்துக்கு மூன்று தடவை வந்தாள். மனுதாரர்கள் உட்காரும் பெஞ்சு வராந்தாவின் கோடியில், ஆதிமூலத்தின் மேஜையை ஒட்டி இருந்தது. மடியில் முறத்தை வைத்துப் பீடி இலையைச் சுருட்டிக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். எதிரே ராஜகிரி மலை வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும்.

நவம்பரில் சாட்சிகளைக் கொண்டுவரச் சொன்னார்கள். அவளுக்கு யாரும் இல்லை என்று நேரில் சொல்ல இரண்டு பேர் வேண்டும். பக்கத்து வீட்டு ஜகபர் அலியும் எதிர்வீட்டு சின்னப்பொண்ணுவும் வந்தார்கள். ரங்கநாதன் அவர்களை உள்ளே கூப்பிட்டார். ஆதிமூலம் முள்ளோடு பின்னால் நின்றார்.

"எப்படி வந்தீங்க?"

"நடந்துதான் சார்" என்றார் ஜகபர் அலி.

"வேலையை விட்டுட்டா?"

"ஆமாங்க" என்றாள் சின்னப்பொண்ணு. "பாவம், இதுக்கு யாரு இருக்குது? நாங்கதான வரணும்?"

ரங்கநாதன் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஒரு நாள் பிழைப்பை விட்டுட்டு, இந்த வெயில்ல ரெண்டு மைல் நடந்து, ரெண்டு பேர் வந்திருக்கீங்க. போன வருஷம் நான் பத்து நாள் ஆஸ்பத்திரியில கிடந்தேன். இந்த ஆபீஸ்லேர்ந்து ஒரு ஈ, காக்கா எட்டிப் பார்க்கலை. என் பையன் டெல்லியில இருந்து தந்தி அடிச்சான். இந்தம்மாவுக்கு ஆதரவு இல்லைன்னு நான் எப்படி எழுதறது? மனசாட்சின்னு ஒண்ணு இருக்குதே!"

சாட்சிகள் ஆஜரானதால் மனு ஏற்கத்தக்கதல்ல என்று கோப்பில் எழுதினார். முள் பதினான்கில் நின்றது.

அடுத்த தடவை ரோஷன் பீ தனியாக வந்தாள். சாட்சிகள் ஆஜராகாததால் மனு ஏற்கத்தக்கதல்ல என்று எழுதப்பட்டது. ஜனவரியில், தன்னைத் தெரியாத இரண்டு பேராக இருந்தால் சரிப்படுமோ என்று யோசித்து, பஸ் ஸ்டாண்டில் நின்றவர்களைக் கெஞ்சிக் கூட்டிவந்தாள். அதில் ஒருவர், "யாரும் இல்லன்னுதான் சொல்லுது. இருக்கும் சார்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே திண்டிவனம் பஸ் ஹாரன் அடித்தது. ஓடிப்போய்விட்டார். மற்றவர் அவரைப் பார்த்துவிட்டு ஓடினார்.

அன்று அவள் பெஞ்சில் வந்து உட்கார்ந்து, முறத்தை எடுக்காமல் வெறுமனே இருந்தாள். ஆதிமூலம் சம்படத்தைத் திறந்து தயிர்ச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உள்ளே மற்றவர்கள் ஒன்றாக உட்கார்ந்து ஊறுகாய் மாற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"இன்னா சார், நீங்க மட்டும் தனியா குந்திகினு சாப்டுறீங்க?"

"உத்தரவும்மா."

"எனக்கு உத்தரவு இல்லாமலே அப்டித்தான்" என்றாள்.

ஆதிமூலத்துக்குச் சிரிப்பு வந்தது. நான்கு மாதம் கழித்துச் சிரித்ததால் புரையேறிவிட்டது. அவள் செம்பிலிருந்து தண்ணீர் கொடுத்தாள். மனுதாரரிடமிருந்து எதையும் வாங்கக் கூடாது என்று விதி உண்டு. தண்ணீர் அதில் சேருமா என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் குடித்து முடித்துவிட்டார்.

"அந்த நீட்டு முள்ளு ஏன் ஓட மாட்டேங்குது?"

"அது உங்க முள்ளும்மா. உங்க ஃபைல யாராச்சும் பார்த்தா ஓடும்."

"இப்ப எங்க நிக்குது?"

"இருபத்தொரு விநாடி."

"நான் வந்து நாலு மாசம் ஆவுதே?"

"அது இதுக்குத் தெரியாது."

அதற்குப் பிறகு வந்ததும் முதலில் முள்ளைத்தான் விசாரிப்பாள். இருபத்து மூன்றுக்கு வந்திருந்தால், "பரவால்லியே, நேத்து யாரோ தெறந்திருக்காங்க" என்பாள். கௌஸ் பாஷா ஒரு முழம் கயிற்றை வாங்க வருபவனிடம்கூட ஒரு மணி நேரம் பேசிவிட்டுத்தான் விற்பார் என்று சொன்னாள். அவர் போன பிறகு வீட்டில் பேச ஆளில்லாமல், சில நாள் பீடிக்கட்டை எண்ணும்போது வேண்டுமென்றே சத்தமாக எண்ணுவாளாம். ஆதிமூலம் தாமும் சோறு பொங்கும்போது அரிசியோடு பேசுவதாக ஒப்புக்கொண்டார். இதை அவர் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. எப்போதோ ஒரு நாள் 'சார்' போய் 'அண்ணா' வந்தது. எந்த நாள் என்று இருவருமே கவனிக்கவில்லை.

அவள் வராத நாட்களில் வராந்தா நீளமாகத் தெரிந்தது. சான்று கிடைத்துவிட்டால் அவள் வரமாட்டாள் என்ற எண்ணம் ஒரு மதியம் அவருக்கு வந்தது. கோப்பு இன்னும் கொஞ்ச நாள் கிடக்கட்டுமே என்ற எண்ணம் அதைத் தொட்டுக்கொண்டே வந்தது. அவருக்குத் தம்மீதே அருவருப்பாகிவிட்டது. அன்று வேலை முடிந்ததும் பழைய உத்தரவுகளின் கட்டை அறைக்கு எடுத்துப்போய் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் படித்தார். திங்கட்கிழமை ரங்கநாதன் முன்னால் போய் நின்றார்.

"சார், சாட்சி அரசு ஊழியராவும் இருக்கலாம்னு ஒரு உத்தரவு இருக்குது. இந்தம்மா ஆறு மாசமா நம்ம பெஞ்சுலதான் உக்காந்திருக்காங்க. சாட்சிங்களத் தவிர கூட யாரும் வரலை. தேடிக்கிட்டு யாரும் வரலை. சோறு கொண்டாந்து யாரும் குடுக்கலை. தேதி வாரியா நான் எழுதி வச்சிருக்கேன்."

ரங்கநாதன் நாற்காலியில் சாய்ந்தார். அவர் முகம் மலர்ந்தது.

"அதாவது, நம்ம ஆபீஸோட தாமதமே அத்தாட்சி."

"ஆமா சார்."

"ஆறு மாசம் தாமதம் பண்ணலைன்னா இவ்வளவு உறுதியா நிரூபிச்சிருக்க முடியாது. அப்ப நாம தாமதம் பண்ணலை. விசாரணை பண்ணியிருக்கோம்." இதைத் தனியே ஒரு தாளில் குறித்துக்கொண்டார்.

ஏப்ரல் கடைசியில் விசாரணை வைத்தார். ஆதிமூலம் தம் வாக்குமூலத்தைச் சொன்னார். எல்லாம் முடிந்து, கைநாட்டா கையெழுத்தா என்று கேட்டபோது ரோஷன் பீ பரபரப்பில் ஆதிமூலத்தின் பக்கம் திரும்பினாள்.

"எங்க போடணும் அண்ணா?"

டைப்பிஸ்ட் ராஜாம்பாள் விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

"என்ன சொன்னீங்க?" என்றார் ரங்கநாதன்.

"எங்க போடணும்னு…"

"அதுக்கப்புறம்."

அவளுக்குப் புரிந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டாள்.

"அண்ணன் இருக்கிறவங்க எப்படி ஆதரவற்றவங்க? அதுவும் அரசு ஊழியரா, நிரந்தரப் பணியில இருக்கிற அண்ணன்!"

"சார், அது பேச்சுக்குக் கூப்புடறது சார். கடைக்காரரக் கூடத்தான் அண்ணான்னு கூப்புடுவாங்க" என்றார் ஆதிமூலம்.

"கூப்பிடட்டும். கடைக்காரர் என் முன்னாடி வாக்குமூலம் கொடுக்கலையே? ஆடிட்ல என்னைத்தான் கேப்பான்."

ஒரு மணி நேரம் யோசித்துவிட்டு ரங்கநாதன் வழி கண்டுபிடித்தார். ஆதிமூலம் ஓர் உறுதிமொழி எழுதிக்கொடுக்க வேண்டும். ரங்கநாதன் சொல்லச் சொல்ல ராஜாம்பாள் தட்டச்சு செய்தார்.

"மேற்படி மனுதாரருக்கும் எனக்கும் எவ்வித உறவும் இல்லை என்றும், அவர்மீது எனக்கு அன்போ, அக்கறையோ, பரிவோ…"

"அக்கறையும் பரிவும் ஒண்ணுதான சார்?" என்றார் ராஜாம்பாள்.

"ரெண்டும் இருக்கட்டும்மா. ஒண்ணு விட்டாலும் அது வழியா வந்துடும். …பரிவோ இல்லை என்றும், இனிமேலும் ஏற்படாது என்றும், அவ்வாறு ஏற்படும் பட்சத்தில் ஏழு நாட்களுக்குள் அலுவலகத்துக்கு எழுத்துமூலம் தெரிவிப்பேன் என்றும், அவரது இருப்பிடத்துக்கோ பணியிடத்துக்கோ செல்லவோ, வழியில் நலம் விசாரிக்கவோ மாட்டேன் என்றும் இதன்மூலம் உறுதி கூறுகிறேன்."

மூன்று பிரதி. மனுதாரர் முன்னால் வாய்விட்டு வாசித்துவிட்டுக் கையெழுத்திட வேண்டும் என்றார்கள். ஆதிமூலம் வாசித்தார். 'அன்போ' என்ற இடத்தில் வரியைத் தவறவிட்டார். விரலை வைத்துத் தேடி எடுத்துத் தொடர்ந்தார். முடித்துவிட்டுப் பேனாவை வைத்துக்கொண்டு சும்மா நின்றார். பள்ளி திறக்க ஐந்து வாரம்தான் இருந்தது.

"போடுங்க சார்" என்றாள் ரோஷன் பீ. "எனக்கு வேல வேணும். போட்டுடுங்க."

மூன்று பிரதியிலும் போட்டார்.

சான்று தயாரானபோது முள் ஐம்பதாவது விநாடியில் நின்றது. ஏழு மாதத்தில் அந்தக் கோப்பின்மீது செலுத்தப்பட்ட கவனம் மொத்தம் அவ்வளவுதான். ரங்கநாதன் கடிகாரத்தோடு வந்த கையேட்டை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தார். முகத்தைச் சுற்றியிருந்த வளையத்தில் வேகம் காட்டும் எண்கள் இருந்தன. ஒரு கிலோமீட்டரைக் கார் எத்தனை விநாடியில் கடக்கிறதோ, அத்தனையாவது விநாடியில் நிற்கும் முள்ளுக்கு நேரே அதன் வேகம் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று தெரியும். ஐம்பது விநாடிக்கு நேரே எழுபத்திரண்டு என்று போட்டிருந்தது.

செஞ்சி அலுவலகம் மணிக்கு எழுபத்திரண்டு சான்று வேகத்தில் இயங்குவதாக மதராஸுக்கு அறிக்கை போயிற்று. அந்த வருடம் அலுவலகம் மொத்தம் ஒன்பது சான்றுகள் கொடுத்திருந்தது. அந்தத் தகவல் வேறு படிவத்தில் வருவதால் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

மே மாதம் இணை இயக்குநர் மதராஸிலிருந்து ஜீப்பில் வந்தார். அலுவலகத்துக்கு முன்னால் பந்தல் போட்டிருந்தார்கள். மைக்கில் நெடுநேரம் பேசினார்.

"ஒரு சிலர் சொல்றாங்க, இந்தம்மா ஏழு மாசம் அலைஞ்சாங்கன்னு. ஏழு மாசம் யாரோட நேரம்? அவங்க நேரம். ஐம்பது விநாடி யாரோட நேரம்? அரசாங்கத்தோட நேரம். அரசாங்கத்தோட நேரத்தை மிச்சம் பண்றதுக்குத்தான் அரசாங்கம் இருக்குது. அவங்க நேரத்தை என்ன பண்றதுங்கிறது அவங்க விருப்பம். நான் கேக்கறேன், ஒரு ஏழை விதவைக்கு முழுசா ஐம்பது விநாடி கவனம் செலுத்தற ஆபீஸ் வேற எங்கயாச்சும் உண்டா?"

கைதட்டல் ஓய்ந்ததும் ரோஷன் பீயை மேடைக்கு அழைத்தார்கள். போட்டோக்காரர் எல்லோரையும் நெருங்கி நிற்கச் சொன்னார். இணை இயக்குநர் ஒரு பக்கமும் ரங்கநாதன் ஒரு பக்கமும் நின்றார்கள். திடீரென்று ரங்கநாதனுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"சார், ஆதரவற்றவங்க படத்துல ஆள் நிக்கிறது… நாளைக்கு யாராவது கேள்வி கேட்டா?"

இணை இயக்குநர் அதை ஒப்புக்கொண்டார். ஒவ்வொருவராக மேடையை விட்டு இறங்கினார்கள். இளையபெருமாள் தம் நிழல் விழாதபடி தள்ளி நின்றார். பந்தலுக்குக் கீழே, பிளாஸ்டிக் பூத்தோரணத்துக்கு நடுவில், சான்றை மார்போடு பிடித்துக்கொண்டு ரோஷன் பீ தனியாக நின்றாள். சிரிக்கச் சொன்னார் போட்டோக்காரர். அவள் யாரைப் பார்த்துச் சிரிப்பது என்று தெரியாமல் மலையைப் பார்த்தாள்.

கடைசி நிகழ்ச்சியாக ஆதிமூலம் கீழ்ப் பொத்தானை அழுத்த வேண்டும். அவர் கட்டைவிரல் பொத்தானுக்குமேல் கொஞ்ச நேரம் நின்றது. "அழுத்துங்க ஐயா" என்றார் மைக் செட்காரர். அழுத்தினார். ஏழு மாதமாக அவருடைய கையில் இருந்த ஐம்பது விநாடி ஒரே துள்ளலில் போய்விட்டது.

ஜூனில் ரோஷன் பீ வேலையில் சேர்ந்தாள். ஆதிமூலத்துக்கு அது தெரியும். காலை பத்தரை மணிக்குப் பள்ளிக்கூடத்துப் பக்கமிருந்து விறகுப் புகை எழும். உறுதிமொழியில் 'வழியில்' என்று இருந்ததால் அவர் அந்தச் சாலையை விட்டுவிட்டு ஏரிக்கரை வழியாகச் சுற்றிக்கொண்டு அலுவலகம் போனார். வராந்தாவின் பெஞ்சில் வேறு மனுதாரர்கள் வந்து உட்கார்ந்தார்கள். அவர்களில் யாரும் முள்ளைப் பற்றிக் கேட்கவில்லை. அவரும் யாரிடமும் பேச்சுக் கொடுக்கவில்லை. பேசினால் என்னென்ன எழுதிக்கொடுக்க வேண்டியிருக்கும் என்று அவருக்கு இப்போது தெரியும்.

அடுத்த பிப்ரவரியில் மஞ்சள் காமாலை வந்து படுத்தார். பத்து நாள் அலுவலகம் போகவில்லை. அலுவலகத்திலிருந்து இளையபெருமாள் ஒரு தடவை ஆள் அனுப்பினார். கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கப்படுகிறதா என்று கேட்டுவரச் சொல்லியிருந்தார்.

மூன்றாம் நாள் மதியம் கண்விழித்தபோது ஜன்னல் திட்டில் ஒரு தூக்குப் பாத்திரம் இருந்தது. உள்ளே சூடாக நொய்க்கஞ்சி, மூடியில் கொஞ்சம் துவையல். வீட்டுக்காரம்மாவைக் கேட்டார். தமக்குத் தெரியாது என்றார். குடித்துவிட்டு, கழுவி, அதே இடத்தில் வைத்தார். மறுநாள் பழைய தூக்கு போய்ப் புதுக் கஞ்சி வந்திருந்தது. அதற்கடுத்த நாள் தூங்காமல் படுத்திருந்தார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சாப்பிட்டு முடித்திருக்கும் நேரம். ஜன்னலில் ஒரு கை தெரிந்தது. தூக்கை வைத்தது, பழையதை எடுத்தது. அவர் எழுந்து ஜன்னலுக்கு வருவதற்குள் ரோஷன் பீ முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தெருமுனையில் திரும்பிவிட்டாள். கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தார். என்னவென்று கூப்பிடுவது என்று தெரியவில்லை.

எட்டு நாள் கஞ்சி வந்தது. ஒவ்வொரு நாளும் தூக்கை முன்னைவிட நன்றாகத் தேய்த்து வைத்தார். வேறு விதமாகப் பதில் சொல்ல அவருக்கு அனுமதி இல்லை. பரிவு ஏற்பட்டால் ஏழு நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது ஞாபகத்துக்கு வந்தது. முன்தேதியிட்டு எழுதுவதானால் எந்தத் தேதியைப் போடுவது என்று யோசித்துப் பார்த்துவிட்டு, எழுதாமல் இருந்துவிட்டார்.

மே மாதம் சான்றைப் புதுப்பிக்கும் விசாரணை வந்தது. வருடத்துக்கு ஒரு தடவை, மனுதாரருக்கு இன்னமும் யாரும் இல்லைதானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். எழுபத்திரண்டு சான்று வேகத்துக்குக் காரணமான கோப்பு என்பதால் இதையும் மாதிரிக் கோப்பாக எடுத்தார்கள். படிவத்தைப் படித்துப் பதிலை எழுதும் வேலை ஆதிமூலத்துடையது. ரங்கநாதன் நாற்காலியில் பத்திரிகையை விரித்துக்கொண்டார். முந்தைய சாதனையை முறியடிப்போம் என்று மட்டும் சொன்னார்.

படிவத்தில் நாற்பத்திரண்டு கேள்விகள் உண்டு. எப்போதும் நான்குதான் கேட்பது வழக்கம்.

ரோஷன் பீ எதிரே வந்து உட்கார்ந்தாள். கொஞ்சம் சதை பிடித்திருந்தாள். முழங்கையில் எண்ணெய் தெறித்த தழும்பு ஒன்று புதிதாக இருந்தது. ஆதிமூலம் மேல் பொத்தானை அழுத்தினார்.

"ஒண்ணு. பேரு."

"ரோஷன் பீ சார்."

"ரெண்டு. கணவர் பேரு."

"கௌஸ் பாஷா. தவறிட்டாரு."

"மூணு. கடந்த ஓராண்டுல உங்கள யாராவது ஆதரிச்சாங்களா, நலம் விசாரிச்சாங்களா?"

"யாரும் இல்லைங்க சார்."

நான்காவது கேள்வி கையெழுத்து. அதைத் தாண்டி அவர் ஐந்தாவதைக் கேட்டார்.

"அஞ்சு. மனுதாரருக்குச் சொந்தமா யானை, குதிரை, பல்லக்கு உண்டா?"

ரோஷன் பீ அவரைப் பார்த்தாள். பிறகு கைகளை மடியில் சேர்த்து வைத்துக்கொண்டாள்.

"இல்ல சார். குதிர இல்ல. யானையும் இல்ல."

"பல்லக்கு?"

"அதுவும் இல்ல சார்."

ஆதிமூலம் ஒவ்வொன்றாக எழுதினார். ஆறாவது, கிணறு. ஏழாவது, கப்பலில் பங்கு. ஆண்களுக்கு மட்டும் என்று போட்டிருந்த பதினொன்றிலிருந்து பதினைந்து வரைக்கும் கேட்டார். மீசை உண்டா என்பதற்கு அவள் இல்லை என்று ஒழுங்காகப் பதில் சொன்னாள். சமைக்கத் தெரியுமா என்ற கேள்விக்குச் சாம்பார், பருப்பு, சுண்டல், முட்டை வேகவைப்பது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். எத்தனை பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள் என்று படிவத்தில் இல்லை. ஆனாலும் நூற்றுப் பன்னிரண்டு என்று சொன்னாள். அவர் அதை ஓரத்தில் எழுதிக்கொண்டார். கடிகார முகத்துக்குள் இருந்த சின்ன வட்டத்தில், நீள முள் ஓடிய நிமிடங்களை எண்ணும் குட்டி முள் எட்டைத் தாண்டியது.

"இன்னும் முடியலையா?" என்றார் ரங்கநாதன், பத்திரிகைக்குப் பின்னாலிருந்து. "ரெக்கார்டு போச்சேய்யா. மெமோ வரும் உமக்கு."

"படிவத்துல இருக்கறதுதான் சார் கேக்கறேன்."

"சீக்கிரம்."

ஆதிமூலம் பக்கத்தைத் திருப்பினார்.

"முப்பத்தொண்ணு. மனுதாரரோட உடல்நிலை."

"நல்லா இருக்குது சார்." மேஜை விளிம்பைப் பார்த்துக்கொண்டே, "அங்க எப்டி இருக்குது?" என்றாள்.

பத்திரிகை சலசலத்தது. அடுத்த பக்கத்துக்குப் போயிருந்தார் ரங்கநாதன்.

"முப்பத்திரண்டு" என்றார் ஆதிமூலம், படிவத்தை வாசிக்கும் அதே குரலில். "இப்ப தேவலை. கஞ்சி ரொம்ப நல்லா இருந்துச்சு."

ரங்கநாதன் நிமிரவில்லை. ரோஷன் பீ சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, முப்பத்து மூன்றாவது கேள்விக்காகக் காத்திருந்தாள்.